காலமும் வேலையும்: ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள் சரித்திரம்

எண்கணித நூல்களிலே காலமும் வேலையும் என்றொரு பகுதி உண்டு. அதன் பெயரைக் கேட்ட மாத்திரத்திலே நம் மாணாக்கர் பலர்க்குச் சிறிது அச்சம் தோன்றுவது இயல்பு. ஒரு வேலையை 12 ஆட்கள் 10 நாட்களில் முடிப்பராயின், அதே வேலையை 15 ஆட்கள் எத்தனை நாட்களில் முடிப்பர் என்பன போன்ற வினாக்கள் அப்பகுதியில் வரிசை வரிசையாக நிற்கும். வழியறிந்தார்க்கு அவை எளியனவே. 12-ஐப் 10-ஆற் பெருக்க, முழு வேலையும் ஓர் ஆளுக்கு 120 நாள் வேலை என்பது போதரும். அதனை 15-ஆல் வகுக்க, 8 நாட்கள் என்னும் விடை வந்து நிற்கும். ஆள் பெருகினால் நாள் சுருங்கும். ஆள் குறைந்தால் நாள் நீளும். இவ்வளவே அதன் இரகசியம்.

ஆயினும், இவ்வினாக்களை இயற்றுவோர் சிலவற்றைச் சொல்லாமலே மேற்கொண்டு விடுகின்றனர். ஆள் ஒவ்வொருவனும் வலிமையில் ஒத்தவன் என்பது ஒன்று. விடியற்காலையில் முதல் மணி நேரத்திற் செய்யும் வேலையளவே, இருட்டிய பின் பன்னிரண்டாம் மணி நேரத்திலும் செய்வான் என்பது மற்றொன்று. அவனுக்கு நோயில்லை, பசியில்லை, வீட்டில் எதிர்பார்த்திருக்கும் மக்களில்லை என்பது மூன்றாவது. கணிதத்திற்கு இவை வேண்டற்பாலனவே; இவ்வாறு கொள்ளாவிடின் கணக்கு நடவாது. ஆனால் புத்தகத்தை மூடிவிட்டுத் தெருவிற்கு வந்தவுடன், விட்டுவிட்ட இவையெல்லாம் நம்முன்னே வந்து நிற்கின்றன. அங்ஙனம் விடப்பட்டவற்றையே தம் கணக்காக எடுத்துக்கொண்ட ஒருவர் நம் தூத்துக்குடிக் கரையிலே வாழ்ந்தனர். அவரே கப்பலோட்டிய தமிழர் எனத் தமிழகம் போற்றும் வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள். அவர் சரித்திரத்தைப் பலரும் பலவாறு எழுதியுள்ளனர். நாம் ஈண்டுக் காலமும் வேலையும் என்னும் இவ்வொரு நோக்குடனேயே அதனைச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

கடல் கற்பித்த கணக்கு

பிள்ளையவர்கள் சரித்திரத்திற்குள் நுழையுமுன், அவர் வாழ்ந்த கரையைச் சிறிது நோக்குதல் நலம். மன்னார் வளைகுடாவின் முத்தும் சங்கும் தொன்றுதொட்டுப் புகழ் வாய்ந்தவை. அக்கரையின் பரதவ மக்கள் முத்துக்குளிக்கும் முறையிலே காலக் கணக்கு ஒன்று அமைந்திருந்தது. குளிப்பவன் காலிற் கல்லைப் பற்றிக்கொண்டு கீழே இறங்குவான்; சிப்பிகளைப் பையில் வாரி நிரப்புவான்; கயிற்றை அசைத்ததும் மேலேயுள்ளவர் தூக்கிவிடுவர். நீருக்குள் அவன் தங்குவது ஏறக்குறைய ஒரு நிமிஷமே. ஒவ்வொரு கல்லுக்கும் இருவர் உண்டு. ஒருவன் மூழ்கி எழுந்து மூச்சு வாங்கி இளைப்பாறும்போது மற்றவன் இறங்குவான். கரைக்கு வந்தபின் சிப்பிகளை மூன்று கூறாகப் பிரிப்பர். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நடந்த குளிப்புகளில் இரண்டு கூறு அரசாங்கத்திற்கும், ஒரு கூறு குளித்தோர்க்கும் உரியனவாயின.

இருவருக்குப் பதிலாக ஒருவனையே ஓயாது இறக்கினால் பாதி ஆளைக்கொண்டு முழு வேலையும் முடியாதோ என்று புத்தகக் கணக்கு மட்டும் அறிந்த ஒருவன் வினவலாம். கடல் அதற்கு இடங்கொடாது. இளைப்பாறாது இறங்குபவன் சிப்பியோடு மேலே வாரான். ஆகவே இளைப்பாறும் நேரம் வேலைக்குப் புறம்பானதன்று, வேலையின் ஒரு பகுதியே என்பதைக் கடற்றொழிலாளர் எவரும் சொல்லிக்கொடாமலே அறிந்திருந்தனர். 1955 முதல் 1961 வரை நடந்த குளிப்புகளுக்குப் பின் இக்கரையில் முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று; அது கற்பித்த பாடம் நிற்கவில்லை. இக்கரையிலேயே பஞ்சாலை ஒன்று எழுந்தபோது, அப்பாடம் அங்கே மறக்கப்பட்டதையும், மீண்டும் நினைவூட்டப்பட்டதையும் பின்னர்க் காண்போம்.

இளமை

பிள்ளையவர்கள் 1872-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள், திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த ஒட்டப்பிடாரத்தில் உலகநாத பிள்ளைக்கும் பரமாயி அம்மைக்கும் புதல்வராகத் தோன்றினர். தந்தையார் வழக்கறிஞர். சிறுவயதில் திண்ணைக் கல்வி பெற்று, பின்னர்த் தூத்துக்குடியிலே புனித பிரான்சிஸ் சவேரியார் பள்ளியிலும், கால்டுவெல் பள்ளியிலும் பயின்றனர். மிஷன் பள்ளிகளில் வளர்ந்த மாணாக்கர் ஒருவர் தேச சரித்திரத்தில் இத்துணை இடம்பெற்றமை நம் போன்ற கல்லூரியார்க்கு மகிழ்ச்சி தருவதொன்றாம். அதன்பின் திருச்சிராப்பள்ளியிற் சட்டம் பயின்று தேர்ச்சியடைந்து, 1895-ஆம் ஆண்டிலே ஒட்டப்பிடாரத்தில் வழக்கறிஞர் தொழிலை மேற்கொண்டனர். ஏழைகளின் வழக்குகளை ஊதியம் பெறாமலும் நடத்திவந்தமையால் எளியவரிடத்தில் நற்பெயரும், அதிகாரிகள் சிலரிடத்தில் மனக்கசப்பும் ஒருங்கே வளர்ந்தன. 1900-ஆம் ஆண்டிலே தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தனர்.

அக்காலத்துத் தூத்துக்குடி இன்றைய துறைமுகம் போன்றதன்று. கரையருகே கடல் ஆழமற்றது. பெருங்கப்பல்கள் சில மைல் தூரத்திலேயே நங்கூரமிட்டு நிற்கும். பஞ்சு மூட்டைகளையும் பிற சரக்குகளையும் தோணிகளில் ஏற்றிச் சென்றே கப்பலிற் சேர்ப்பர். கொழும்புக்குச் செல்லும் வணிகரும் தோட்டத் தொழிலாளரும் இத்துறைமுகத்தின் வழியாகவே சென்றனர். அப்போக்குவரத்து முழுவதும் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனியாரின் கையில் இருந்தது. கட்டணமும் காலமும் அவர்கள் வைத்ததே சட்டம்.

தொட்டியும் குழாய்களும்

காலமும் வேலையும் என்னும் பகுதியிலே தொட்டியைப்பற்றிய கணக்குகளும் வரும். நீர் நிரப்பும் குழாய் ஒன்று 6 மணி நேரத்தில் தொட்டியை நிரப்பும். வெளியேற்றும் குழாய் ஒன்று 8 மணி நேரத்தில் அதனைக் காலி செய்யும். இரண்டையும் திறந்துவிட்டால் எப்போது நிரம்பும் என்பர். ஒரு மணி நேரத்தில் நிரம்புவது ஆறில் ஒரு பங்கு. வெளியேறுவது எட்டில் ஒரு பங்கு. முன்னதினின்று பின்னதைக் கழிக்க, எஞ்சுவது இருபத்து நான்கில் ஒரு பங்கு. ஆதலின் 24 மணி நேரத்தில் தொட்டி நிரம்பும். வெளியேற்றும் குழாயும் 6 மணி நேரத்தில் காலி செய்ய வல்லதாயின், எத்துணைக் காலம் காத்திருப்பினும் தொட்டி நிரம்பாது.

பிள்ளையவர்கள் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியின் வரலாறு இக்கணக்கையே ஒத்திருந்தது. 1906-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி பதிவு செய்யப்பட்டது. மூலதனம் 10 லட்சம் ரூபாய் என வகுத்தனர். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாயாக 40,000 பங்குகள். பெருஞ்செல்வர் சிலர் மாத்திரம் சேர்ந்து ஒரு கப்பலை வாங்கிவிடுதல் அவர் கருத்தன்று. 25 ரூபாய் இடக்கூடிய எளிய வணிகரும் உத்தியோகஸ்தரும் தமக்கும் அக்கப்பலில் ஒரு பலகை உரியது என்று எண்ணவேண்டும் என்பதே அவர் கருத்து. மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் கம்பெனிக்குத் தலைவராக அமைந்தனர். ஹாஜி முகம்மது பக்கீர் சேட் அவர்கள் 8,000 பங்குகளை ஏற்று 2 லட்சம் ரூபாய் அளித்தனர். ஒரு வேலையை ஐந்து கூறாக்கினால் ஒரு முழுக்கூற்றை அவர் ஒருவரே முடித்தவராவர். எஞ்சிய நான்கு கூறுகளுக்காகப் பிள்ளையவர்கள் ஊர் ஊராக அலைந்தனர்.

முதலில் வாடகைக் கப்பல்களைக் கொண்டே கம்பெனி நடைபெற்றது. எதிர்க் கம்பெனியாரின் வற்புறுத்தலால் வாடகைக்கு விட்டவர் பின்வாங்கவே, சொந்தக் கப்பல் வாங்குதல் இன்றியமையாததாயிற்று. பிள்ளையவர்கள் பம்பாய்க்குப் புறப்பட்டனர்; கப்பலின்றித் திரும்புவதில்லை எனத் துணிந்து சென்றனர் என்பர். 1907-ஆம் ஆண்டிலே காலியா, லாவோ என்னும் இரு கப்பல்களும் கம்பெனிக்கு உரியனவாயின. தூத்துக்குடி மக்கள் அடைந்த களிப்புக்கு எல்லையில்லை.

தொட்டி நிரம்பத் தொடங்கியதும் வெளியேற்றும் குழாயை எதிர்க் கம்பெனியார் அகலத் திறந்தனர். அவர்கள் கட்டணத்தைக் குறைத்தனர். சுதேசிக் கம்பெனி தானும் குறைத்தது. அவர்கள் மேலும் குறைத்தனர். முடிவிற் பிரயாணிகளை இலவசமாகவே ஏற்றிச் செல்வதோடு, ஆளுக்கொரு குடையும் பரிசளிக்க முன்வந்தனர் என்று கூறுவர். பல துறைமுகங்களில் வருவாயுடைய ஒரு பெருங்கம்பெனி ஓரிடத்து நஷ்டத்தைப் பிறிதோரிடத்து இலாபத்தால் ஈடுசெய்யலாம். ஒரே வழியில் இரண்டே கப்பலோட்டுவோர்க்கு அஃது இயலுமோ? புத்தகத்துத் தொட்டிக் கணக்கில் இரு குழாய்களும் ஒரே அளவில் ஓடும். உலகத்துத் தொட்டியிலோ ஒரு குழாயின் பின்னே பெருங்கடலே நிற்கும். இதனைப் பிள்ளையவர்கள் அறியாதவரல்லர். அறிந்தும், நிரப்பும் குழாயைத் தம் கைகளால் தாங்கி நின்றனர்.

ஆலையும் நாழிகையும்

தூத்துக்குடியில் ஹார்வி சகோதரர்களின் நிர்வாகத்தில் கோரல் ஆலை என்னும் நூற்பாலை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலே நிறுவப்பட்டது. அவ்வாலைத் தொழிலாளரின் நிலை இரங்கத்தக்கதாயிருந்தது. வேலை நேரம் நீண்டது, கூலி குறைந்தது, ஓய்வு நாள் அரிது. அக்காலத்துச் சட்டத்தை நோக்கினால் இதன் காரணம் விளங்கும். 1891-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் பெண்களுக்கு நாளொன்றுக்கு 11 மணி நேரமும், சிறுவர்க்கு 7 மணி நேரமும் என எல்லை விதித்தது. வயது வந்த ஆடவர்க்கோ நாளொன்றுக்கு இத்தனை மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது என்ற எல்லையே அதில் இல்லை. பகல் எவ்வளவு நீளுமோ, விளக்கு எவ்வளவு எரியுமோ, அவ்வளவும் வேலை நேரமாகலாம்.

இங்கே ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நாளொன்றுக்கு 12 மணி நேரமாக 7 நாளும் வேலை செய்பவனுக்கு வாரத்தில் 84 மணி நேரம் ஆகும். ஒரு நாள் விடுமுறை கொடுத்தால் 72. நாளொன்றுக்கு 10 மணி நேரமாகவும் குறைத்தால் 60. காகிதத்தில் இது 84, 72, 60 என்னும் மூன்று எண்களே. தொழிலாளியின் வீட்டிலோ, முதல் எண்ணில் தந்தை பிள்ளைகள் உறங்கும்போது புறப்பட்டு உறங்கிய பின் திரும்புகின்றான். மூன்றாம் எண்ணில் அவர்கள் முகத்தைக் காண்கின்றான்.

கூலியைப்பற்றியும் கணித நூல் ஒரு நீதியைக் கூறாமலில்லை. ஒரு வேலையை ஒருவன் தனியே 10 நாட்களிலும், மற்றொருவன் தனியே 15 நாட்களிலும் முடிப்பராயின், இருவரும் கூடி ஒரு நாளிற் செய்வது பத்தில் ஒரு பங்கும் பதினைந்தில் ஒரு பங்கும் சேர்ந்து ஆறில் ஒரு பங்காம். ஆதலின் 6 நாட்களில் முடிப்பர். கூலி 25 ரூபாயாயின் எவ்வாறு பகிர்வது? முதல்வன் 6 நாட்களில் ஐந்தில் மூன்று பங்கு வேலையைச் செய்தான். அவனுக்கு 15 ரூபாய். மற்றவன் ஐந்தில் இரண்டு பங்கு செய்தான். அவனுக்கு 10 ரூபாய். வேலையளவே கூலியளவு என்பதே இதன் கருத்து. பள்ளிச் சிறுவனும் ஒப்பும் இந்நீதியை ஆலைவாசலில் எடுத்துரைத்தமையே பிள்ளையவர்கள் செய்த பெருங்குற்றமாகக் கருதப்பட்டது.

1908-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ஆம் நாள் அவர் தூத்துக்குடியிலே தொழிலாளர் குறைகளைப்பற்றிப் பேசினர். சுப்பிரமணிய சிவா அவர்களும் உடன் நின்றனர். நான்கு நாட்களுக்குப் பின், 27-ஆம் நாள், கோரல் ஆலைத் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். கூலியுயர்வு, வார விடுமுறை, விடுப்பு வசதி என்பன அவர்கள் வேண்டுகோள்கள். ஆலையின் பொறிகள் ஓய்ந்தன. அந்நாட்களிலே தொழிலாளர் பட்டினியால் தளர்ந்து போகாதபடி பிள்ளையவர்கள் ஊராரிடம் பொருள் திரட்டினர். சிலர்க்கு வேறிடங்களில் வேலையும் தேடித் தந்தனர். வணிகரும் வழக்கறிஞரும் எளிய தொழில் செய்வோரும் துணை நின்றனர். வேலைநிறுத்தத்தை இகழ்ந்து பேசிய ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்த நாவிதர், பாதியிலே கத்தியை மடித்து வைத்துவிட்டுப் போயினர் என்று ஒரு செய்தி இன்றும் வழங்குகின்றது. பாதி முடிந்த வேலைக்கு விடை எத்தனை நாளென்று எந்தக் கணித நூலும் சொல்லவில்லை.

ஒன்பது நாட்களுக்குப் பின் நிர்வாகத்தார் இசைந்தனர். கூலியை உயர்த்தவும், வேலை நேரத்தைக் குறைக்கவும், ஞாயிற்றுக்கிழமை விடுமுறை அளிக்கவும் ஒப்புக்கொண்டனர். அவ்வூரிலிருந்த பிற ஐரோப்பியக் கம்பெனிகளின் ஊழியரும் இதனாற் பயன்பெற்றனர். ஆலைக்கணக்கில் அவ்வொன்பது நாட்களும் வெறும் பூஜ்யங்கள். ஆனால் இந்நாட்டுத் தொழிலாளர் சரித்திரத்தில் அவ்வளவு வேலை நடந்த ஒன்பது நாட்கள் மிகச் சிலவே. இளைப்பாறும் நேரமும் வேலையின் ஒரு கூறே என்று கடல் கற்பித்ததை ஆலை அப்போது கற்றுக்கொண்டது.

செக்கு

வெற்றி கிட்டிய பின் ஒரு வாரமும் நிறையவில்லை. விபின சந்திர பாலர் சிறையினின்று விடுதலையடைந்ததைக் கொண்டாடும் கூட்டங்களை மார்ச் 9-ஆம் நாள் பிள்ளையவர்கள் நடத்தினர். மார்ச் 12-ஆம் நாள் அவரும் சிவாவும் கைது செய்யப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலியிற் பெருங்கலகம் மூண்டு உயிர்ச்சேதமும் நேர்ந்தது. ஜூலை 7-ஆம் நாள் நீதிபதி பின்ஹே தீர்ப்புக் கூறினர். இராஜத்துரோகத்திற்கு 20 ஆண்டும், சிவாவுக்கு உடந்தையாயிருந்தமைக்கு 20 ஆண்டுமாக 40 ஆண்டுகள் தீவாந்தர தண்டனை விதிக்கப்பட்டது. அப்போது பிள்ளையவர்களுக்கு வயது 35. இரண்டையும் கூட்ட 75 ஆகும். மேல் விசாரணையில் அத்தண்டனை குறைக்கப்பட்டது.

கோயமுத்தூர்ச் சிறையிலே அவருக்கு இட்ட வேலைகளுள் செக்கிழுத்தலும் ஒன்று. மாடுகள் சுற்றவேண்டிய செக்கை மனிதர் சுற்றினர். நம் கணித நூல்களிலே, 2 மாடுகள் 5 ஆட்களுக்குச் சமமாயின் என்று தொடங்கும் வினாக்களைக் கண்டிருக்கின்றோம். அவ்விகிதத்தைக் கொண்டு மாடுகளை ஆட்களாகவும், ஆட்களை மாடுகளாகவும் மாற்றி விடை காண்போம். சிறைச்சாலையார் அம்மாற்றத்தைக் காகிதத்தில் செய்யவில்லை. சட்டநூல் கற்று, வழக்குகள் நடத்தி, கப்பல் வாங்கிய ஒருவரை நுகத்தடியிற் பூட்டி அம்மாற்றத்தைச் செய்தனர். மனிதனை எண்ணாக மட்டும் கருதும் கணக்கு எங்கே போய் முடியும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை. அச்செக்கு இன்றும் நினைவுப் பொருளாகப் பாதுகாக்கப்பட்டு வருகின்றது.

1910-ஆம் ஆண்டு டிசம்பரில் அவரைக் கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றினர். அவர் அங்கிருந்த காலத்திலே இரண்டு செய்திகள் நிகழ்ந்தன. 1911-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி கலைக்கப்பட்டது, கப்பல்களும் கைமாறின. நிரப்புவோர் சிறையிலிருக்க, வெளியேற்றும் குழாய் மட்டும் திறந்திருந்த தொட்டிக்கு வேறு முடிவு ஏது? அதே 1911-இல் புதிய தொழிற்சாலைச் சட்டம் ஒன்று நிறைவேறியது. நெசவு, நூற்பாலைகளில் வேலை செய்யும் ஆடவர்க்கும் நாளொன்றுக்கு 12 மணி நேரமே என்னும் எல்லை முதன்முதலாக அதில் விதிக்கப்பட்டது. சிறைக்குள் இருந்தவர்க்கு ஓர் இழப்பும், வெளியில் உழைத்தவர்க்குச் சிறியதொரு பேறும் ஒரே ஆண்டில் வந்தன.

பிற்காலம்

1912-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள் பிள்ளையவர்கள் விடுதலையடைந்தனர். கைதானது முதல் 4 ஆண்டு 9 மாதங்களுக்கு மேலாயிற்று. வரவேற்பார் மிகச் சிலரே. வழக்கறிஞர் தொழிலுக்குரிய உரிமை பறிக்கப்பட்டிருந்தது; சொந்தச் சீமைக்குத் திரும்பவும் தடையிருந்தது. சென்னையிலே சிறு கடைகள் வைத்துக் குடும்பத்தை நடத்த முயன்றனர், வாணிகம் கைகொடுக்கவில்லை. தென்னாப்பிரிக்கத் தமிழர் அவர் பொருட்டுத் திரட்டிய சிறுதொகை காந்தியடிகள் வாயிலாக 1916-இல் அவரை வந்தடைந்தது. தம் இன்னல்களுக்கிடையிலும் சென்னையில் எழுந்த தொழிலாளர் இயக்கத்திற்கு அவர் துணை நின்றனர். 1908-இல் எடுத்த கணக்கை அவர் இடையில் விட்டுவிடவில்லை.

வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதியின் உதவியால் வழக்கறிஞர் உரிமை மீண்டும் கிடைத்தது. அந்நன்றியை மறவாமல் தம் புதல்வர் ஒருவருக்கு வாலேஸ்வரன் எனப் பெயரிட்டனர். தம்மை வருத்திய ஆட்சியை எதிர்த்தவர், அவ்வாட்சியைச் சார்ந்த ஒருவர் செய்த நன்மையைத் தனியே எடுத்து எண்ணத் தெரிந்திருந்தனர். கூட்டல் எது, கழித்தல் எது என்று அறிந்தவர்க்கே இது கைகூடும்.

கோவிற்பட்டியிற் சிலகாலம் தொழில் நடத்திப் பின்னர்த் தூத்துக்குடிக்கே மீண்டனர். தமிழ்ப்பணியும் இடைவிடாது நடந்தது. மெய்யறம், மெய்யறிவு முதலிய நூல்களை இயற்றினர். ஜேம்ஸ் ஆலன் நூல்கள் சிலவற்றைத் தமிழாக்கினர். திருக்குறளுக்கு உரை வகுத்தனர். தொல்காப்பியத்திற்கு இளம்பூரணர் இயற்றிய உரையைப் பதிப்பித்தனர். தம் சரித்திரத்தைச் செய்யுளாகவே பாடிவைத்தனர். 1936-ஆம் ஆண்டு நவம்பர் 18-ஆம் நாள், தூத்துக்குடிக் காங்கிரஸ் அலுவலகத்தில், தாம் விரும்பியவாறே அங்கே கொண்டுவரப்பெற்று, உயிர் நீத்தனர். அப்போது அவர்க்கு வயது 64.

விடை

பிள்ளையவர்கள் மேற்கொண்ட வேலை முடிந்ததோ என்று வினவுவோமாயின், சிறிது காலக் கணக்குப் போடுதல் வேண்டும். 1908-ஆம் ஆண்டு ஜூலையில் விதித்த 40 ஆண்டுத் தண்டனை முழுதும் நிறைவேறியிருப்பின், அது 1948-ஆம் ஆண்டு ஜூலையிலே முடிந்திருக்கும். அத்தண்டனையை விதித்த ஆட்சியோ 1947-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாளே இந்நாட்டை விட்டு நீங்கிற்று. தான் விதித்த காலத்தைத் தானே நிறைவேற்ற அதற்கு ஏறக்குறைய 11 மாதங்கள் போதாமற்போயின.

வேலை நேரக் கணக்கையும் காண்போம். 1911-இல் நூற்பாலைகளின் ஆடவர்க்கு நாளொன்றுக்கு 12 மணி நேரமாக இருந்த எல்லை, 1922-இல் 11 ஆகவும், 1934-இல், ஆண்டு முழுதும் நடைபெறும் ஆலைகளில், 10 ஆகவும் குறைந்தது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் அதனை நாளொன்றுக்கு 9 மணி நேரமாகவும், வாரத்திற்கு 48 மணி நேரமாகவும் ஆக்கிற்று. தண்டனைக் காலம் முடிந்திருக்கவேண்டிய அதே ஆண்டில் இச்சட்டம் பிறந்தமை நினைவிற் கொள்ளத்தக்கது. இம்மாறுதல் ஒருவரால் வந்ததன்று. பல நாடுகளிலும் பல ஊர்களிலும் பெயரறியப்படாத பல்லாயிரவர் கூடிச்செய்த வேலை இது. அவருள் தூத்துக்குடியில் ஒன்பது நாள் பசித்திருந்தோரும் சேர்ந்தவரே. ஒருவர் மட்டும் செய்வதாயின் முடியாத வேலை, பலர் கூடியபோது முடிந்தது என்பதும் அப்பகுதிக் கணக்குகள் கற்பிக்கும் பாடமன்றோ?

கப்பலின் கணக்கு மட்டும் அவர் வாழ்நாளிலே தோல்வியாக நின்றது. இன்று தூத்துக்குடியிற் பெருங்கப்பல்கள் கரையை அணுகி நிற்கின்றன. 1974-இல் திறக்கப்பட்ட அப்புதிய துறைமுகத்திற்கு 2011-இல் வ. உ. சிதம்பரனார் துறைமுகம் என்று பெயர் சூட்டப்பட்டது. இரு கப்பல்களையும் இழந்தவர் பெயரால் இன்று எண்ணிறந்த கப்பல்கள் வந்து செல்கின்றன.

நம் மாணாக்கர்க்கு ஒன்று கூறி முடிப்போம். காலமும் வேலையும் என்னும் பகுதியைக் கசப்பென்று ஒதுக்குதல் வேண்டா. முழு வேலையை ஒன்றெனக் கொண்டு, ஒருவர் ஒரு நாளிற் செய்யும் பங்கை முதலிற் காண்க. கூடியுழைப்போர் பங்குகளைக் கூட்டுக. எதிர்த்து நிற்பதைக் கழிக்க. எஞ்சியதைக்கொண்டு ஒன்றை வகுக்க. எவ்வகை வினாவும் இவ்வழிக்கு அடங்கும். விடை கண்டபின், அவ்வினாவிலுள்ள பன்னிரண்டு ஆட்களையும் சற்றே நினைக்க. அவர்கள் எப்போது உண்டனர், எப்போது இளைப்பாறினர், முடித்த வேலைக்குத் தக்க கூலி பெற்றனரோ என்று வினவுக. அவ்வினாக்களுக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் விடை அச்சிட்டிருப்பதில்லை. நம் ஊரார் ஒருவர் அவற்றிற்கு விடை தேடித் தம் செல்வத்தையும் தொழிலையும் உடல்நலத்தையும் செலவிட்டனர். எஞ்சிய பகுதி நம்மால் முடிக்கத்தக்கது.